கொம்பியூட்டர்ல றாம் (நினைவகத் தகடு) மாத்தினாப் பிறகு திரை வரேல்லையோ?
ஃபான் சுத்துது, திரை கறுப்பு எண்டவுடனே மதர்போர்ட் (எல்லாப் பாகமும் பூட்டுற தாய்ப்பலகை) போச்செண்டு முடிவுகட்டாதேங்கோ. பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை 15 செக்கன் அமத்திப் பிடியுங்கோ. றாமைக் கழட்டி, அதின்ர தங்கநிறப் பற்களை அழிறப்பரால மெல்லத் தேயுங்கோ. எங்கட வன்னிக் கிரவல் றோட்டுப் புழுதி றாம் பூட்டுற ஸ்லொட்டுக்குள்ளயும் இருக்கும், பிரஷ்ஷால தட்டிவிடுங்கோ. முதல்ல ஒரு றாம் மட்டும்: நாலு ஸ்லொட் எண்டால் பெரும்பாலும் சிபியுவில (புரொசசரில) இருந்து ரெண்டாவதில, கிளிப் 'டிக்' எண்டு பூட்டுமட்டும் அமத்துங்கோ. இறங்காட்டி பலவந்தம் வேண்டாம், டிடிஆர்3, டிடிஆர்4 எண்ட றாம் வகையளுக்குப் பல் வரிசையில இருக்கிற வெட்டு வேற வேற இடத்தில. டிடிஆர்5 றாம் போட்டு முதல்தரம் ஓன் பண்ணேக்க சில நிமிசம் கறுப்பாத்தான் நிக்கும், பாதியில நிப்பாட்டாதேங்கோ. அதுக்கும் வரேல்லையெண்டால் பிளக்கைக் கழட்டிப்போட்டு மதர்போர்ட்டில இருக்கிற காசு மாதிரி வட்டமான சிஆர்2032 பற்றரியை 5 நிமிசம் எடுத்து வையுங்கோ. புதுசா கிராபிக்ஸ் கார்ட் போட்டவை, மொனிட்டர் வயர் இன்னும் மதர்போர்ட்டிலதான் கிடக்கோ எண்டும் பாருங்கோ, கிடந்தால் கார்ட்டில மாத்திக் குத்துங்கோ.