நாலரை மணிக்குப் போட்ட பில்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். அது ஓடத் தொடங்கிய முதல் நாள் காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, விடியக்காலம் நாலரைக்குப் போட்ட பில்லெல்லாம் நேத்துக் கணக்குல கிடக்கு. நேத்துக் கணக்கை நான் ராத்திரியே முடிச்சிட்டேனே!"

"இதோ வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நிலக்கோட்டையிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மல்லியும் பிச்சியும் கொண்டு வந்தவர்கள் பணத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கடைக்காரர் நின்ற நிலை இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த மென்பொருளை கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தோம். கூகுளில் 2007-இல் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் வடிவமைக்கத் தொடங்கிய மொழி. 2009-இல் வெளியில் அறிவித்தார்கள், 1.0 பதிப்பு 2012-இல் வந்தது. நான் அதற்கு மாறியதற்கு ஒரே காரணம், கம்பைல் செய்தால், அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால், ஒற்றைக் கோப்பு கிடைக்கும் என்பதுதான். அதற்கு முன் ஜாவாவில் செய்த வேலைகளில் ஒவ்வொரு கடைக்கும் போய், அந்தக் கணினியில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பார்த்து, இல்லாததை ஏற்றி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். கோ மொழியில் அந்தத் தொல்லை இல்லை. கே.கே. நகர் அலுவலகத்தில் என் லினக்ஸ் மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு, எந்த இயங்குதளம், எந்தச் செயலி என்று இரண்டு மாறிகளில் சொன்னால் போதும். கடையின் விண்டோஸுக்கு ஒரு கோப்பு, தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிக்கு ஒரு கோப்பு, சர்வருக்கு ஒரு கோப்பு. எல்லாம் ஒரே நிரலிலிருந்து வரும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம்.

சர்வர் பக்கமும் நிம்மதிதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோரூட்டீன், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு சிறு வேலை. அது 2 கிலோபைட் நினைவக அடுக்கோடு தொடங்குவதால் ஆயிரக்கணக்கில் ஓடினாலும் சின்ன சர்வரே தாங்கும்.

சரி, நாலரை மணி பில்லுக்கு வருகிறேன். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. அதனால் எங்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, நிரலில் "ஆசியா/கொல்கத்தா" என்ற இந்திய நேரமண்டலத்தைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தேன். லினக்ஸில் அந்தத் தகவல் பெரும்பாலும் இயங்குதளத்திலேயே இருக்கும். விண்டோஸில் அது கோ மொழியை நிறுவிய கோப்புறையிலிருந்துதான் வரும். நாங்கள் சோதித்த விண்டோஸ் கணினியில் கோ இருந்தது. கடையில் இல்லை. தனிக்கோப்பு என்று நான் நம்பியது, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கணினியிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. கோ மொழியில் ஒரு செயல் தோற்றால் பிழையை ஒரு மதிப்பாகவே கையில் கொடுக்கும். என்ன செய்வது என்று நாம்தான் எழுத வேண்டும். நான், பிழை வந்தால் பொது நேரத்தையே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் நாலரை மணி பில்லுக்கு முந்தின நாள் இரவு 11 மணி விழுந்தது. மற்ற வியாபாரமாக இருந்தால் நேரம் மட்டும் தப்பாக இருக்கும், தேதி சரியாக இருந்திருக்கும். பூக்கடையில் ஐந்தரைக்கு முன்பே வியாபாரம் நடக்கிறது.

நேரமண்டலத் தகவலை நிரலுக்குள்ளேயே வைக்கும் வசதி 2020-இல் வந்த 1.15 பதிப்பிலேயே இருக்கிறது. ஒரே ஒரு இம்போர்ட் வரி, கோப்பு சுமார் 450 கிலோபைட் கூடும். அதைச் சேர்த்தேன். கூடவே, நேரமண்டலம் கிடைக்காவிட்டால் நிரல் தொடங்கவே கூடாது என்றும் மாற்றினேன். "பிழை இருந்தால்" என்று வரிக்கு வரி எழுத வைக்கிறதே என்று முன்பு சலித்துக்கொள்வேன். அன்றிலிருந்து அந்த வரிகளைத்தான் முதலில் படிக்கிறேன்.

அப்புறம் சீட்டில் ஊர்ப்பெயர். அதற்கு இருபது இடம் ஒதுக்கி, மிஞ்சினால் வெட்டியிருந்தேன். கோ மொழியில் சரம், அதாவது எழுத்துத் தொடர், பைட்டுகளால் ஆனது. எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "உசிலம்பட்டி" நம் கண்ணுக்கு 7 எழுத்து, கோவுக்கு 33 பைட். இருபதாவது பைட்டில் வெட்டியதும் "உசிலம்" என்று அச்சாகி, பின்னால் கேள்விக்குறிகள் வந்தன. ஒவ்வொரு குறியையும் ஒன்றாக எண்ணும் கோவின் ரூன் கணக்குக்கு மாறினால் கேள்விக்குறி போகும். ஆனால் அதிலும் அந்தப் பெயர் 11. உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி ரூன்களாக இருப்பதால், பத்தில் வெட்டினால் "ட்டி" "ட்ட" ஆகிவிடும். நம் எழுத்தை எழுத்தாக எண்ண வெளியிலிருந்து ஒரு நூலகம் சேர்க்க வேண்டியிருந்தது. யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வகுத்தவர்களும் அதே தாம்சனும் பைக்கும்தான் என்பது பிறகு தெரிந்தபோது, அவர்கள் மேல் மரியாதை கூடியது. இருந்தாலும் உயிரும் மெய்யும் சேர்ந்து ஓரெழுத்து என்பதை நாம்தான் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சந்தையில் இன்னும் சில கடைகளில் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்குக் கோ 1.20தான் கடைசி. அந்தக் கடைகளுக்காக அந்தப் பதிப்பைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இப்போது அலுவலகத்தில் ஒரு பழைய கணினி வாங்கிப் போட்டிருக்கிறோம். அதில் கோ கிடையாது, வேறு எதுவும் ஏற்ற யாருக்கும் அனுமதியும் கிடையாது. கடைக்குப் போகும் கோப்பு முதலில் அதில் ஓட வேண்டும், கடிகாரத்தை விடியற்காலை நாலரைக்கு வைத்து.