7,490 கிலோவும் என் ஹெவி லைசென்ஸும்

மூன்று வருடமாகச் சின்ன சரக்கு வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது எல்.எம்.வி., அதாவது லைட் வண்டி லைசென்ஸ். ஒருநாள் முதலாளி பெரிய லாரி ஒன்றைக் காட்டி, "லோடு இறக்கியாச்சு, காலி வண்டிதானே, எடுத்துட்டு வா தம்பி" என்றார். காலியாக இருந்தால் ஏழரை டன்னுக்குள்தானே வரும், லைட் லைசென்ஸ் போதும் என்று நானும் சாவியை வாங்கிவிட்டேன். கூட இருந்த மூத்த டிரைவர் அண்ணன்தான் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்து நீட்டினார். "இதுல கிராஸ் வெயிட் என்ன போட்டிருக்குன்னு படி."

என் குழப்பம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது. எல்.எம்.வி.க்கு எல்லை 7,500 கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த எடை என்பதில்தான் கோட்டை விடுகிறோம். கார், டிராக்டர் என்றால் வண்டியின் வெறும் எடை. சரக்கு வண்டிக்கு அப்படியில்லை. வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட லோடும் சேர்ந்த மொத்த எடை. அன்றைக்கு லோடு இருக்கிறதா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. டயரை எண்ணிப் பார்ப்பதும் உதவாது. ஆறு டயர் வண்டிகளிலும் இந்த எல்லைக்குள் வருபவை உண்டு. ஆர்.சி.யில் 7,490 கிலோ என்று போட்ட வண்டிகளைப் பிறகு நிறையப் பார்த்தேன். அந்தப் பத்துக் கிலோ ஏன் குறைகிறது என்று இப்போது புரிகிறது!

7,500க்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கும் லைசென்ஸில் தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டுமா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பல வருடம் வழக்காடின. வேண்டாம், எல்.எம்.வி.யே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. ஆக, அதுவரை நான் ஓட்டியது சரி. அந்த லாரிதான் என் லைசென்ஸுக்குள் வராது.

அப்புறம் பெரிய லாரிக்கு லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூல் போனேன். முதலில் போன இடத்தில், "மீடியம் எடுங்க, பிறகு ஹெவி எடுக்கலாம்" என்று இரண்டு தடவை பணம் கறக்கப் பார்த்தார்கள். மீடியம், ஹெவி என்ற தனித்தனிப் பிரிவுகளை 1994லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, டிரான்ஸ்போர்ட் வண்டி என்று ஒன்றாக்கிவிட்டார்கள். இது தெரிந்ததும் வேறு ஸ்கூல் பார்த்துக்கொண்டேன்.

என்னோடு வந்த நண்பனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் எல்.எம்.வி. எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் முடிந்தால்தான் டிரான்ஸ்போர்ட்டுக்கு எல்.எல்.ஆர். தருவார்கள். வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் சரியாக இருந்தது. டாக்டரிடம் மருத்துவச் சான்று (படிவம் 1ஏ), ஸ்கூலில் பயிற்சிச் சான்று (படிவம் 5), எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் காத்திருப்பு. இதிலெல்லாம் சிக்கல் ஒன்றும் வரவில்லை.

வண்டிதான் படுத்தியது. சாவியைத் திருப்பிய கையோடு கிளம்பும் பழக்கம் எனக்கு. இங்கே பிரேக்குக்கு ஏர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கே விடுபடாது. திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்று எத்தனை தடவை சொன்னாலும், இரண்டு கோன்களைச் சாய்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. டெஸ்ட் அன்று இடதுபக்கக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன். பாஸ்.

கார்டு வந்தபோது அதில் இரண்டு முடிவுத் தேதிகள் இருந்தன. கார், பைக்குக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒன்று. டிரான்ஸ்போர்ட்டுக்கு ஐந்தே வருடம். பெட்ரோல், கேஸ் மாதிரி அபாயகரமான சரக்கு ஏற்ற வேண்டுமானால் தனிப் பயிற்சி எடுத்துக் கார்டில் பதிய வேண்டும், அது மூன்று வருடம்தான். எனக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை. பெரிய தேதியை மட்டும் பார்த்துவிட்டு கார்டைப் பர்ஸில் வைக்கப் போனேன். அதே அண்ணன், "கீழ இருக்கிறதையும் பாரு" என்றார். போனில் அலாரம் அந்தச் சின்னத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் போட்டிருக்கிறேன்.