புதுப்பித்த மொறிஸ் மைனரில் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் பெயின்ற்றைச் சுரண்டுங்கள்

பழைய காரொன்றை முழுமையாகக் கழற்றி, துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டி, புது வர்ணம் பூசிப் பூட்டிய பிறகு பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லையென்றால், பெரும்பாலும் பழுது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் டைனமோவில் இருப்பதில்லை. அந்தப் புதுப்பித்தலிலேயே இருக்கிறது. என்னிடமுள்ள 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கராஜிலிருந்து பளபளவென்று திரும்பி வந்த நாள்முதல், இரவில் ஓடும்போது டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. காலையில் ஸ்டாட்டர் சோம்பலாகச் சுற்றியது. பார்க்க வந்த எலெக்ரீஷியன் எந்த மூடியையும் திறக்காமலே, “டைனமோ சரிவராது அண்ணன், ஜப்பான் ஓல்டனேற்றர் ஒண்டப் போட்டுருவம்” என்று, புதுக் கார்களில் உள்ள மின்னாக்கியை மாற்றிப் பூட்டும்படி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் போன பிறகு நான் வோல்ட் அளக்கும் மீற்றரை எடுத்தேன்.

அந்தச் சிவப்பு விளக்கு சார்ஜை அளப்பதில்லை. அதன் ஒரு பக்கம் சாவி வழியாகப் பற்றரியோடும், மறுபக்கம் டைனமோவின் மின்சாரம் வெளிவரும் டி முனையோடும் இணைந்திருக்கிறது. இரு பக்கமும் வோல்ட் சமமானால் விளக்கு அணையும். வித்தியாசம் இருந்தால் எரியும். எந்தப் பக்கம் கூடுதல் என்பது அதற்குப் பொருட்டேயில்லை. ஆகவே, ஐட்லிங்கில் நன்றாக எரிந்து, எஞ்சின் வேகமெடுக்கையில் அணைந்து, இன்னும் வேகமெடுக்க மறுபடி மங்கலாக எரியுமானால், டைனமோ உழைக்கிறது, உழைத்தது பற்றரிக்குப் போய்ச்சேரும் வழியில்தான் தடை என்று கொள்ளலாம். என் கார் காட்டியது சரியாக இந்தக் குறியைத்தான்.

பழுதல்லாததைப் பழுதென்று எண்ணுவதும் உண்டு. லூக்காஸ் சி-39 டைனமோ அதிகபட்சம் 19 அம்பியர் தரும். ஐட்லிங்கில் ஏறத்தாழ ஒன்றுமே தராது. மாலையில் ஹெட்லைட்டைப் போட்டபடி மட்டக்களப்புக்கு அருகே காத்தான்குடிக் கடைத்தெருவில் ஊரும்போது பற்றரிதான் செலவாகிறது, விளக்கு மினுக்குவதும் இயல்பு. 55 வாட் ஹலஜன் பல்ப் இரண்டுக்கு 9 அம்பியர், தீப்பொறி தரும் கொயிலுக்கு மூன்று நான்கு, சிறு விளக்குகளுக்கு இரண்டு, மாரி மழையில் வைப்பருக்கு இரண்டு மூன்று என்று கூட்டிப் பார்த்தால், கல்முனைக்கு வேகமாக ஓடும்போதுகூடப் பற்றரிக்கு மிஞ்சுவது சொற்பம். இதற்குமேல் பாட்டுப்பெட்டியும் போன் சார்ஜரும் பூட்டிவிட்டு டைனமோவைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஃபான் பெல்ற்றை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அது சரியாகவே இருந்தது. அடுத்து டைனமோவைத் தனியே பரிசோதித்தேன். எஞ்சினை நிறுத்தி, டி, எஃப் (ஃபீல்ட் என்னும் காந்தச் சுருளின் முனை) ஆகிய இரு முனைகளின் வயர்களையும் கழற்றி, முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அந்த வயருக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில் மீற்றரை வைத்து, எஞ்சினை இயக்கி மெதுவாக வேகம் கூட்ட வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 சுற்றுக்குள் முள் தயங்காமல் ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. (மைனரில் சுற்றுமானி கிடையாது, காதுதான் மானி.) முள் அசையவே இல்லையென்றால் சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கரித்துண்டான பிரஷ்ஷைப் பாருங்கள், அரை முதல் ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்ட் கம்பிச்சுருளிலும், நாலைந்து வோல்ட்டில் நின்றால் சுழலும் பகுதியான ஆமேச்சரிலும் ஐயம் கொள்ளலாம். என்னுடையது தடுமாற்றமின்றி ஏறியது. எலெக்ரீஷியனின் தீர்ப்பு அத்துடன் தள்ளுபடியானது.

இனி எர்த், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியே பற்றரிக்குத் திரும்பும் பாதை. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மைனரில் டைனமோ தன் உடல் வழியாக எஞ்சினுக்கும், எஞ்சின் ஒரு பின்னல் பட்டி வழியாகக் காரின் உடலுக்கும், உடலிலிருந்து ஒரு கேபிள் வழியாகப் பற்றரிக்கும் எர்த் போகிறது. கராஜில் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் பிரைமரும் பெயின்ற்றும் தடித்துப் படிந்திருந்தன. வர்ணம் பூசியவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருடைய வேலை மூடுவது. எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் பக்க ஈயத் தூணிலும் (கிளாம்பில் அல்ல), மறுமுனையைச் சுரண்டிய டைனமோ உடலிலும் வைத்தேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஸ்டாட்டரை அழுத்தியபோது, டாஷ்போர்டிலிருந்து கார்புரேற்றருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பட்டி வழியே போக முடியாத மின்சாரம், சோக் கம்பியைக் குறுக்குவழியாகப் பிடித்திருந்தது. சோக் கேபிள் சுடுகிற காரில் வேறெதையும் பரிசோதிக்கும் முன் எர்த் பட்டியைக் கழற்றுங்கள்.

டைனமோவுக்கும் பற்றரிக்கும் இடையில் ஒரு பெட்டி உண்டு; டைனமோவில் போதிய வோல்ட் வந்ததும் இணைப்பை மூடும் கட்-அவுட்டும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் அதற்குள்தான். இந்தக் கட்-அவுட் பெட்டியின் ஈ (எர்த்) முனையில் இன்னும் மோசம். அதன் எர்த் வயர் பெயின்ற்றின்மேல் ஒரு திருகாணியால் பிடிக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறியிறங்கியது. பெட்டிக்குள் இருக்கும் இரு சுருள்களும் அந்த முனையை நம்பியே வோல்ட்டை உணர்கின்றன. அங்கே தடையிருந்தால், 12.7க்கும் 13.3 வோல்ட்டுக்கும் இடையில் மூட வேண்டிய கட்-அவுட் பிந்தி மூடும், படபடக்கும், படபடத்துப் படபடத்துத் தன் முனைகளைக் கருக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் அந்தக் கறுப்பு கண்ணுக்கே தெரிந்தது. டி முனையில் 15 வோல்ட்டுக்கு மேல் நிற்க, பற்றரித் தூணில் 12.6தான் இருந்தது, சிவப்பு விளக்கின் மங்கல் ஒளி இந்த இடைவெளிதான்.

பட்டியின் இரு முனைகளிலும், டைனமோ தாங்கியிலும், ஈ முனையின் திருகாணியடியிலும் வெறும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகே மேலே கிரீஸ் தடவினேன். கல்லடியில் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் இருக்க, தடவாமல் விட்ட பித்தளை சில மாதங்களில் பச்சை பூத்துவிடுகிறது. கட்-அவுட் முனைகளுக்கு மென்மையான சாண்ட் பேப்பர்தான், எமரித் தாள் ஆகாது. ரெகுலேற்றர் முனைகளுக்கு எமரி பிழையில்லை. இரண்டையும் ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். அழகான புதுப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன; ஆனால் எர்த் சரியில்லாத காரில் அவையும் அப்படியே கருகும்.

இதற்குப் பிறகு ஹெட்லைட் எரிய, பற்றரித் தூணில் 13.8 நின்றது.

இன்னுமொன்று: மைனர் பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். பாட்டுப்பெட்டிக்காக நெகற்றிவ்வுக்கு மாற்றியிருந்தால், டைனமோவின் வயர்களைக் கழற்றிவிட்டு, பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் கணநேரம் தொட்டு, அதன் காந்தத் திசையையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ தலைகீழாகவே மின்சாரம் உண்டாக்கும், கட்-அவுட் மூடும் கணத்தில் முனைகள் எரிந்து ஒட்டிக்கொள்ளும். வழக்கமான ஓல்டனேற்றர் பூட்டுவோருக்கும் நெகற்றிவ் எர்த் வேண்டும். அதுவும் எஞ்சின் வழியாகவே எர்த் ஆவதால், அதே பட்டியை அவர்களும் கழற்றிச் சுரண்டத்தான் வேண்டும்.