கோட்டாறு திருவிழாவும் 123ஆம் போர்ட்டும்

டிசம்பர் 3. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள், மாவட்டத்துக்கே லீவு. ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன், சேர்ந்து போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வடசேரி மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். 6.40க்கு, வாடிக்கையாளர்களின் இணையதளங்களை நாங்கள் வைத்திருக்கும் சென்னை சர்வருக்கு வரும் டிராஃபிக்கின் கிராஃப் செங்குத்தாக ஏறி, லைனின் உச்சமான வினாடிக்கு 1 கிகாபிட்டில் முட்டி நின்றது.

கன்சோல் வழியாக உள்ளே போய் ஃபயர்வாலில் அந்த டிராஃபிக்கைத் தடுக்கும் ரூல் போட்டேன். புத்திகெட்ட வேலை. செட்டிகுளம் ஜங்ஷன் வரை வண்டி அடைத்துக் கிடக்கும்போது வீட்டு கேட்டைப் பூட்டி என்ன பயன்? லைன் ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

வந்ததெல்லாம் யூடிபி, அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்காத வகைப் பாக்கெட்டுகள்; புறப்பட்ட போர்ட் (வாசல் எண்) 123. அதாவது நேரம் சொல்லும் என்டிபி சர்வர்கள். எவனோ எங்கள் ஐபியை, சர்வரின் இணைய முகவரியை, அனுப்புநர் முகவரியாகப் போட்டு, பழைய என்டிபி சர்வர்களிடம் ‘மான்லிஸ்ட்’ கேட்டிருக்கிறான். கேள்வி துளியூண்டு. பதிலோ, கடைசியாக வந்துபோன 600 பேர் வரைக்கும் பட்டியல். அது முழுக்க எங்கள் தலையில். பொய் முகவரி போட்ட பாக்கெட்டை உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே விடாதீர்கள் என்று 2000இலேயே நெட்வொர்க் நடத்துவோருக்கான பிசிபி 38 என்ற வழிகாட்டியில் எழுதி வைத்தார்கள். கேட்டால்தானே.

அதற்குள் டேட்டா சென்டரிலிருந்து போன். “சார், உங்க ஐபிய பிளாக்ஹோல் பண்ணியாச்சு.” எங்கள் ஐபிக்கு வருவது எல்லாமே, நல்லதும் கெட்டதும், வழியிலேயே குப்பைக்கு. மற்ற கஸ்டமர்களைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்த ஒரே ஐபியில் 140 தளங்கள்: மார்த்தாண்டம் தேன்கடை, தக்கலை கல்யாண மண்டபம், குலசேகரம் ரப்பர் நர்சரி. அடித்தவன் நினைத்ததை நாங்களே முடித்துக் கொடுத்தோம்.

குறி யார் என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. 140ஐ நான்காகப் பிரித்து நான்கு புது ஐபியில் வைத்தேன். அடி மூன்றாவதைத் தேடி வந்தது. அந்த 35ஐ மறுபடி பிரித்தேன், மறுபடி. இதில் என் தவறு ஒன்று உண்டு. தளத்தின் பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில், அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை, சர்வர் நிர்வாக மென்பொருளான சிபேனல் கொடுத்தபடி 14400 வினாடியிலேயே விட்டிருந்தேன். நான்கு மணி நேரம். தளத்தை மாற்றிய பிறகும் ஆட்கள் செத்த ஐபிக்கே போய்க்கொண்டிருந்தார்கள். தேன்கடை அண்ணாச்சி மட்டும் ஏழு தடவை கூப்பிட்டார்.

கடைசியில் சிக்கியது ஒரு கல்லூரிப் பையனின் கேம் டீம் பக்கம். இரவு பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டேன். எடுத்த உடனே, “அண்ணே, நேத்து ஃபைனல்ல ஜெயிச்சோம்ணே” என்றான். தோற்றவர்களில் யாரோ, வாடகைக்குத் தாக்குதல் நடத்தும் பூட்டருக்குக் காசு கட்டியிருப்பார்கள் என்பது அவன் கணக்கு. இருக்கலாம்.

அவனை விலக்கிவிடு என்றார் பார்ட்னர். எனக்கு மனசு வரவில்லை. தாக்குதலை வடிகட்டும் புராக்ஸி ஒன்றின் பின்னால் அவன் தளத்தை மாற்றி, தனி ஐபியும் கொடுத்தேன். அதற்குக் கூடுதல் காசு வாங்கவில்லை. பார்ட்னருக்கு இன்னும் தெரியாது.

“நேரம் சொல்ற சர்வரா அடிச்சுது? அதான் உங்களுக்கு மணி ஏழானது தெரியல” என்றாள் மனைவி. மறுநாள் காலையில் கோட்டாறு போனோம். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.