லைன் டிரைவர் வீட்டிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனை

என் வீட்டுக்காரர் லைன் லாரி ஓட்டுகிறார். பொள்ளாச்சியில் தேங்காயோ கொப்பரையோ ஏற்றினால் குஜராத், டெல்லி என்று போவார். வீடு திரும்ப இரண்டு வாரம் ஆகும், லோடு கிடைக்காவிட்டால் இன்னும் இழுக்கும். எங்கள் வீடு கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், தீபாவளித் துணிக்குப் பொள்ளாச்சி.

எனக்கு முதல்முதலில் எச்ஐவி பார்த்தது சின்னவன் வயிற்றில் இருக்கும்போது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தத்திலேயே அதையும் பார்த்துவிடுவார்கள். இல்லை என்று கார்டில் எழுதினார்கள், நானும் மறந்துவிட்டேன். அந்தப் பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். நடுவில் இத்தனை வருடத்தில் யாரும் என்னை 'வாங்க, பார்க்கலாம்' என்று கூப்பிடவில்லை. பிள்ளைக்காகப் பார்த்தார்கள், பிள்ளை பிறந்ததும் தாயைக் கேட்பாரில்லை.

எங்கள் தெருவிலேயே இன்னொரு டிரைவர் குடும்பம். அந்த அம்மாவுக்கு விடாத இருமல், சளியில் டி.பி. என்று வந்தது. டி.பி. வந்தவர்களுக்கெல்லாம் எச்ஐவியும் பார்ப்பது வழக்கம். அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் உடம்பு பாதியாகிவிட்டது. இப்போது எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார், நூறுநாள் வேலைக்குக்கூடப் போகிறார். ஆனால் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு வருசம் முந்தியே பார்த்திருந்தா இந்த இருமலே வந்திருக்காது புள்ள."

அன்றைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கே போவது என்பதில்தான் குழப்பம். பாலக்காட்டில் எச்ஐவி பார்க்கிற 'ஜோதிஸ்' மையம் இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் அங்கே வரிசையில் நின்றால் குடும்பஸ்ரீ மகளிர் குழு சேச்சிமார் யாராவது பார்த்து 'எந்து பற்றி?' (என்ன ஆச்சு?) என்று ஆரம்பிப்பார்கள். அதனால் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் இதே சோதனைக்கு 'நம்பிக்கை மையம்' என்று போர்டு வைத்திருப்பார்கள். கேரளாக்காரி என்று திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம் வேறு. அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பெண் சிரித்துக்கொண்டே, "இங்கிருக்கிறவங்க பாலக்காட்டுக்குப் போறாங்க, நீங்க இங்க வர்றீங்க, பரவாயில்லக்கா" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். பெயர், வயது, வீட்டுக்காரர் என்ன வேலை, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது, எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கேள்விகள் கூச்சமாகத்தான் இருந்தன. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டதால் பதில் சொல்ல முடிந்தது. அப்புறம் ஒரு தாளை நீட்டி, சம்மதம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். சம்மதம் வாங்காமல் இந்தச் சோதனை செய்யக் கூடாது, முடிவை நம் அனுமதி இல்லாமல் பிறருக்குச் சொல்லக் கூடாது என்று 2017-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்களாம். எனக்கு உடனே என் நாத்தனார் ஞாபகம் வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை கட்டி ஆபரேஷனுக்கு முன்னால் அவளைக் கேட்காமலே இதைப் பார்த்து, பில் போடுகிற இடத்தில் நாலு பேர் நடுவில் உரக்கப் படித்தார்கள். 'இல்லை' என்றுதான் வந்திருந்தது, ஆனாலும் அவள் அங்கேயே கூனிக் குறுகிப் போனாள்.

ரத்தம் எடுத்தது ஒரு நிமிடம். அதே ரத்தத்தில் சிபிலிஸ் என்கிற பால்வினை நோயும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மட்டும் நீளமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கர்ப்பிணி, அவள் மாமியார், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் சோதனைக் கிட்டில் ஏதாவது தென்பட்டால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள், வேறு இரண்டு கிட்டிலும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள் என்று கவுன்சிலர் உள்ளேயே சொல்லியிருந்தார். ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் வயிறு கலங்கியது.

எனக்கு இல்லை என்று வந்தது. எழுந்து கிளம்பப் பார்த்தேன், உட்காரச் சொன்னார். கிருமி உடம்புக்குள் போனாலும் சோதனையில் காட்ட மூன்று மாதம் வரை ஆகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும், முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள் என்றார். 'எனக்கு இல்லைன்னா அவருக்கும் இல்லைதானே?' என்று கேட்டேன். அப்படிச் சொல்லவே முடியாதாம். ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு வராமலே இருக்கலாம், அவர் ரத்தத்தை அவரிடம்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் அதுவரை என் ரிப்போர்ட்டை இருவருக்கும் சேர்த்துத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறைய பேர் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியைவிட வீட்டில் பேசுவதுதான் கஷ்டம். அவர் லைன் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு சொன்னேன்.

"என்ன, சந்தேகப்படறியா?"

"சந்தேகம்னா நான் எதுக்குங்க முதல்ல போய் ஊசி குத்திக்கிட்டு வர்றேன்? இந்தாங்க என் சீட்டு."

சீட்டை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே பழைய கதை எடுத்தார். வாளையார் செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்காக வரிசை கட்டி நின்ற காலத்தில் டிரைவர்களுக்கு எச்ஐவி பார்க்க முகாம் போடுவார்களாம், இவரும் ஒரு தடவை சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிசை போய்விட்டது. "இப்ப வண்டி நிக்கறதே இல்ல, எவன் எங்களைப் பிடிச்சு ரத்தம் எடுப்பான்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரிசை ஒழிந்தது எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் இந்த ஒரு காரியம் அதோடு சேர்ந்து போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் போனோம். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் இல்லை. லைன் ஓட்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், இது எனக்குப் புதிது: ஆபத்தான தொடர்பு என்று தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். ஒருவேளை இருக்கிறது என்றே வந்தாலும் மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. டி.பி. வந்த எங்கள் தெரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: நேரில் போகத் தயக்கம் இருந்தால் 1097-க்கு போன் செய்து முதலில் பேசிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், அன்றைக்கே முடிவு கையில் கிடைக்கும். சுகர் டெஸ்ட் மாதிரி நினைத்து வெறும் வயிற்றோடு போக வேண்டாம். நான் அப்படிப் போய், முடிவு வருவதற்குள் பசி மயக்கத்தில் ஆஸ்பத்திரி வாசல் கடையில் இரண்டு வடை தின்றேன். சாப்பிட்டுவிட்டே போகலாம்.