நாலு மணி

“உனக்குச் சம்பளம் ஒண்ணும் குறையாதுல்ல?”

இதைச் சொன்னது நான். சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. இன்றும் வரியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தெரியாது. ஒருவேளை அதனால்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேனோ என்னவோ.

அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போனில் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு தொகுதிகள், சுமார் 6,000 பக்கம், ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும். பக்க வடிவமைப்பில் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அப்படி ஒரு வேலை அடிக்கடி வராது. மறுமுனையில் இருந்தவர் பேசி முடிப்பதற்குள் “எங்களால முடியாது சார், மன்னிச்சிடுங்க” என்று வைத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் என்னிடம் வேலை பார்த்த பையன் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மவுஸை நகர்த்துவதை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டான்: “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா.”

அதற்குத்தான் அந்தப் பதில்.

வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கும்போதே எனக்கு ஒரு விதி இருந்தது. நாலு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். முந்தைய இடத்தில் பன்னிரண்டு வருஷம், பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்குப் போனவள் நான். அதனால் தொழிலை முதலில் கட்டி, மிச்சமிருக்கும் இடத்தில் வாழ்க்கையை வைப்பதில்லை, வாழ்க்கையை முதலில் போட்டுவிட்டு அதைச் சுற்றித் தொழிலைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். எத்தனை பக்கம், எத்தனை வாடிக்கையாளர், எவ்வளவு வருமானம் என்பதெல்லாம் அந்த நாலு மணியிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்குதான். கேட்டவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெரிய வேலைக்கும் கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் நாளுக்கு 24 பக்கம், மூன்று மெய்ப்பும் சேர்த்து. இருக்கிற வேலைக்கு மேல் இது. இன்னும் மூன்று பேரையாவது எடுக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் பேச்சு ஓடும் வழி ஒன்றுதான், ஐந்து பேர் என்றால் பத்து. நான் பக்கம் கட்டுவதை விட்டுவிட்டு ஆட்களைக் கட்டி மேய்க்கப் போயிருப்பேன். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருக்கும். அவர் பில்லை இரண்டு மாதம் தாமதித்தால் சம்பளத்துக்கு எங்கே போவது? எல்லாமே சரியான காரணங்கள். இன்றைக்குக் கேட்டாலும் இதே காரணங்களைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்தக் கணக்கை அன்று இரவுதான் போட்டேன். போனில் மறுத்தது பகல் பதினொன்றரைக்கு.

கணக்கில் சேராத ஒன்றும் உண்டு, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாலு மணிக்கு நான் எழுந்து போன எத்தனையோ நாட்களில் அவன் ஆறு வரை இருந்தான். யாரும் இருக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை கோப்பு அச்சுக்குப் போக வேண்டும், யாராவது முடிக்கத்தானே வேண்டும்? புத்தகம் 162 பக்கம் வந்து நிற்கும். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பத்து பாரம் போனால் 160, இரண்டு பக்கம் தொங்கும். அந்த இரண்டு பக்கத்தை உள்ளே இழுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நானாக இருந்தால் வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து ஒரே அடியில் முடித்துவிடுவேன், பார்க்கிற கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். அவன் அப்படிச் செய்ய மாட்டான். பத்தியின் கடைசியில் ஒற்றைச் சொல் தனி வரியாகக் கிடக்கிற இடங்களாகத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக மேல் வரிக்கு ஏற்றுவான். ஒரு அத்தியாயத்தில் நாலு வரி, அடுத்ததில் ஆறு வரி. முடிந்த பிறகு எங்கே கை வைத்தான் என்று எனக்கே தெரியாது.

என் நாலு மணி அவனுடைய ஆறு மணியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன், ஏமாற்றவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு காலத்தில் நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்கள் உதவினார்கள். 1997-ல் பொருளாதார அறிஞர்கள் காலின் கேமரர், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு அது. நல்ல வருமானம் வரும் நாளில் ஓட்டுநர்கள் கூடுதல் நேரம் ஓட்டாமல், அன்றைய இலக்கு தேறியதும் சீக்கிரமே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்றது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு அது விசித்திரம். எனக்கு, போதும் என்று சொல்லத் தெரிந்த மனிதர்கள். பிறகு ஹென்றி ஃபார்பர் என்பவர் வேறு தரவுகளை வைத்து அதை மறுத்திருப்பதைப் படித்தேன். நிறுத்துவதற்குக் காரணம் இலக்கு எட்டியது என்பதைவிட, எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பதுதான் என்கிறார். அதாவது, போதும் என்கிற ஞானமெல்லாம் இல்லை, களைப்புதான். என் மறுப்பில் எவ்வளவு ஞானம், எவ்வளவு களைப்பு, எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க அதன் பிறகு முடியவில்லை. எப்படியிருந்தாலும் அந்த டாக்ஸியை ஓட்டுகிறவர் ஒருவர்தான். நிறுத்தினால் அவருக்கு மட்டும் நிற்கும். என் வண்டியில் இரண்டு பேர் இருந்தோம். அவன் வயது இருபத்தாறு.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? “எடுப்போம் அக்கா” என்றுதான் சொல்லியிருப்பான். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அப்படியானால் இது மறந்துபோன காரியம் இல்லை. முதலீடு என்னுடையது, இழப்பு வந்தால் அதுவும் என்னுடையது, முடிவு மட்டும் எப்படி இருவருடையதாகும் என்று ஒரு பக்கம் கேட்டுக்கொள்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் அவனைச் சேர்க்கும்போது நான் சொன்னது வேறு. “இது நம்ம இடம் மாதிரி நினைச்சுக்க” என்றேன்.

மூன்று மாதம் கழித்து வேலையை விட்டான். சண்டை எதுவும் இல்லை. கடைசி நாளில் எழுத்துருக்களையும் பழைய கோப்புகளையும் வருஷவாரியாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். தனியாகத் தொடங்கியிருக்கிறான், நாலு பேர் வைத்திருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பன்னிரண்டு தொகுதியும் அவனிடம்தான் போனதா என்று இதுவரை விசாரிக்கவில்லை.

அவன் இடத்துக்கு நான் யாரையும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர்களைக் குறைத்துக்கொண்டேன். விதி அப்படியே இருக்கிறது, அதாவது சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது.

போன வாரம் ஒரு புத்தகம் சரியாக இரண்டு பக்கம் தொங்கியது. எவ்வளவு இழுத்தும் ஒரு பக்கத்துக்கு மேல் உள்ளே போகவில்லை. வேறு வழி தெரியாமல் அவனைக் கூப்பிட்டேன். “அனுப்புங்க அக்கா” என்றான். அரை மணியில் கோப்பு திரும்பி வந்தது, 160 பக்கம். எங்கே கை வைத்தான் என்று முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றி சொல்லக் கூப்பிட்டபோது மணி ஆறே கால். இந்த நேரத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அவன் கேட்கவில்லை.