இரண்டாவது கார்டு

"அன்னைக்கு எடுத்தியே தம்பி, அந்தப் படம் நல்லா இருந்துச்சா?"

போச்சம்பள்ளிச் சந்தையில் போன ஞாயிறு அந்தக் கருவாட்டுக்கார அம்மா இப்படிக் கேட்டார். தராசில் நெத்திலியை அள்ளிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "சரி, போவுது வுடு" என்று பொட்டலத்தை நீட்டினார். அதோடு பேச்சு முடிந்தது. வண்டியில் கிருஷ்ணகிரி வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் மனதில் ஓடியது. இருந்துச்சு என்று சொல்லிவிட்டேன். அந்தப் படம் இருக்கிறது.

எனக்குச் சோறு போடுவது கல்யாணப் படங்கள்தான். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் கேமராவை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவது பல வருடப் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன ஒரு நாள், ஆட்டுச் சந்தை கலைந்து கூட்டம் கொஞ்சம் இளகிய நேரத்தில் கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று கயிறு கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் மூங்கிலைப் பெருக்கல் குறி மாதிரி நட்டு, நடுவில் இழுத்துக் கட்டிய கயிறு. அப்பா மேளம் அடிக்க, பத்து வயது இருக்கும் ஒரு பெண் தலையில் சொம்புகளை அடுக்கிக்கொண்டு, கையில் நீளக் கழியோடு மேலே நடந்தாள்.

நான் அவளை எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. 2015-இல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும்படி படம் வெளியிடக் கூடாது என்கிறது. தெருவில் வேலை செய்கிற, கையேந்துகிற குழந்தைகள் அந்த வகையில் வருவார்கள். அதனால் அவள் முகம் ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன். பாதங்களும் கயிறும் மட்டும் மேல் ஓரத்தில் வருகிற மாதிரி லென்ஸைத் தாழ்த்தினேன். (குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அது தனிக் கணக்கு, அதற்கும் என்னிடம் பதில் இல்லை.)

லென்ஸைத் தாழ்த்தியபோதுதான் அந்த அம்மா தெரிந்தார். சுற்றி எல்லோரும் சாமானையும் விலையையும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் மேலே பார்த்தார். வலது கையில் தராசு தொங்குகிறது, தட்டில் பாதிக் கருவாடு. இடது கை நெஞ்சுக்குழியில். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சாமான் வாங்க வந்தவர் பையை விரித்தபடி நிற்கிறார். ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். எடுத்ததும் தெரிந்துவிட்டது. இத்தனை வருடச் சந்தைப் படங்களில் அதற்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் வேறு படம் கிடையாது.

அவர் பார்த்துவிட்டார். தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே வந்தார்.

"புள்ள விழுந்துடப் போவுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன், அந்த நேரம் பாத்து எடுத்துட்டியே தம்பி. அத அழிச்சிடு சாமி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பையன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், பெண் பார்க்கிறார்கள் என்று சொன்னார். குரலைத் தாழ்த்தி, "அம்மா யாவாரம் பண்றாங்கன்னு சொல்லியிருக்கோம். கருவாடுன்னு சொல்லல" என்றார்.

படத்தைத் திரையில் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன். குப்பைத்தொட்டிக் குறி போட்ட பட்டனை இரண்டு முறை அழுத்தினேன். படம் போனது. அடுத்த படமாக யாரோ ஒருவரின் பொரி மூட்டை வந்து நின்றது. "போயிடுச்சா?" என்றார். "போயிடுச்சும்மா" என்றேன். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

என் கேமராவில் இரண்டு கார்டு. கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு அது கட்டாயம். ஒரு கார்டு திடீரென்று பழுதானால் தாலி கட்டுகிற நேரத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகிற மாதிரி வைத்திருக்கிறேன். அழிக்கும்போது திரையில் தெரிகிற கார்டிலிருந்துதான் போகும். மற்றதில் அப்படியே இருக்கும்.

பட்டனை அழுத்தியபோது இது என் நினைவில் இருந்ததா? இந்த ஒரு கேள்வியை மூன்று வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இல்லை என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டேன். மேளச் சத்தம், வெயில், எதிரில் கைகூப்புகிற மாதிரி நிற்கிற ஒரு அம்மா. அந்த அவசரத்தில் யாருக்கு இரண்டாவது கார்டு ஞாபகம் வரும்? ஆனால் ஒவ்வொரு மண்டபத்திலும் தாலி கட்டுவதற்கு முன் இரண்டு கார்டிலும் இடம் இருக்கிறதா என்று நாலு தடவை சரிபார்க்கிறவன் நான். என் மூளைக்கு மறந்திருக்கலாம், விரலுக்கு மறந்திருக்காது. அவர் "போயிடுச்சா" என்று கேட்டபோது எனக்குள் ஏதோ சின்னதாகத் தயங்கியது. அந்தத் தயக்கம் உண்மையில் அன்றைக்கே இருந்ததா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா என்பது இப்போது எனக்குப் பிடிபடவில்லை.

இப்படி மத்தியானத்தையே விசாரித்துக்கொண்டிருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ராத்திரியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அன்று ராத்திரி இரண்டாவது கார்டைக் கணினியில் இறக்கினேன். படம் திரை முழுக்க வந்து நின்றது. அப்போது மேளமும் இல்லை, அவசரமும் இல்லை. டிலீட் என்று ஒரு தட்டுத் தட்டினால் முடிந்திருக்கும். நான் அதன் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, தராசின் தட்டு தெரிகிற மாதிரி சரிசெய்து, தனி ஃபோல்டரில் வைத்தேன்.

சட்டம் என்று பார்த்தால் பெரும்பாலும் என் பக்கம்தான். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே சொந்தம். நானாக எடுத்தது எனக்குச் சொந்தம், என் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும். அப்படியென்றால் கல்யாண வீட்டார் படம் அவர்களுடையது. முகத்தைத் தவிர எதையும் தராத, என்னிடம் எதையும் வாங்காத இந்த அம்மாவின் படம் என்னுடையது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது எனக்கும் தெரியும். பொதுச் சந்தையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். "படத்தை வெளியிடப் போறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் மற்றது ஆரம்பித்தது. அதற்கு முன்பு சந்தையில் கேமராவைத் தூக்கினால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அந்த அம்மா எனக்காகப் பேச ஆரம்பித்தார். சாணை பிடிப்பவரிடம், புளி விற்கிறவரிடம், கோழிக்காரப் பெண்களிடம். "நல்ல தம்பி. வேணாம்னா கண்ணு முன்னால அழிச்சிடுவாரு. எனக்கு அழிச்சாரு." சாட்டையால் தன்னைத்தானே அடித்துக்கொண்டு காசு கேட்கிற ஒருவர் முன்பு என்னைத் துரத்தியே விட்டவர். அவர்கூட இந்த அம்மா சொல்லித்தான் சம்மதித்தார். "அடிபட்ட எடத்த மட்டும் எடுக்காத சார்" என்றார். இரண்டு படத்தை அழிக்கச் சொன்னார். இரண்டு கார்டிலும் அழித்தேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இரண்டிலும் அழித்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. இதை எழுதும்போதே தெரிகிறது, இதைக் கொண்டு அதைச் சரிக்கட்டப் பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு கல்லூரியில் கண்காட்சிக்கு என் சந்தைப் படங்களில் பன்னிரண்டைக் கேட்டார்கள். தேர்ந்தெடுக்க வந்தவர் அந்த ஃபோல்டரையும் திறந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "இது வேணும்" என்றார். "இது கிடையாதுங்க" என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்" என்றேன். அவள், "எந்த வாக்கு? காட்ட மாட்டேன்னா சொன்ன? அழிச்சிட்டேன்னு இல்ல சொன்ன?" என்றாள். கண்காட்சியில் தொங்கிய பன்னிரண்டு படங்களில் ஒன்பது, அந்த அம்மாவின் வாய்வார்த்தையால் எனக்குக் கிடைத்தவை.

இந்தத் தை மாதம் அவர் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. படம் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை, பெண் வீட்டார் பார்த்துக்கொண்டார்களாம். மருமகள் ஒரு ஞாயிறு சந்தைக்கே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறைக்க வேண்டிய காரணமே இப்போது இல்லை. மறைப்பது நான் மட்டும்தான்.

அதனால் கிருஷ்ணகிரியில் நான் வழக்கமாகப் போகிற லேபில் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு பிரிண்ட் போட்டேன். கொடுத்துவிடலாம், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். பிறகு சாணைக்காரரிடமும் கோழிக்காரப் பெண்களிடமும் என்ன சொல்வார்? சாட்டைக்காரர் தன் இரண்டு படங்களைப் பற்றி என்ன நினைப்பார்? அவற்றை நான் உண்மையாகவே அழித்தேன் என்பதை எப்படிக் காட்டுவேன்? சொல்லாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது என்று ஒரு நாள் நினைக்கிறேன். அடுத்த நாள், அந்த நல்லது எனக்குத்தான் என்று தெரிகிறது.

மூன்று ஞாயிறாக அந்தப் பிரிண்ட் கேமராப் பையின் பின்பக்க அறையில் அட்டைக்கு நடுவே இருக்கிறது. போன ஞாயிறு அவர் நல்லா இருந்துச்சா என்று கேட்டபோதும் பை என் தோளில்தான் தொங்கியது. ஜிப்பின் மேல் கை வைத்தேன். அதற்குள் பின்னால் நின்றவர் கால் கிலோ காரப்பொடிக் கருவாடு கேட்டார், அந்த அம்மா தராசைத் தூக்கினார்.